கோட்டடியில் நொண்டி நடந்த பிள்ளை

சென்ற வருடம், கச்சான் காற்று ஓய்ந்துகொண்டிருந்த நாட்களில் ஒரு மாலை நேரம். குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டுக் குசினி வாசலில் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரின் நடுவே என் மகன் நொண்டி நொண்டிப் போவதைக் கண்டேன்.

போனில்தான் கண்டேன். ஆனால் அது அவன் எடுத்த வீடியோ கோல் இல்லை. அந்த ஊரின் நடுச் சதுக்கத்தைப் பார்த்தபடி ஒரு கமரா இருக்கிறது. இரவு பகலாக ஓடும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் போனில் திறந்து பார்க்கலாம். வேறு வேலை இல்லாதவர்கள்தான் பார்ப்பார்கள் என்று என் மச்சி, கணவருடைய தங்கை, சொல்லுவாள். எனக்கு வேலை இருந்தது. இருந்தும் பார்த்தேன்.

மகனுக்கு அமெரிக்க விசா லொத்தர் குலுக்கலில் விழுந்தபோது எல்லாரும் என்னை அதிர்ஷ்டக்காரி என்றார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கத்தாருக்குப் போகிறார்கள், சவூதிக்குப் போகிறார்கள், ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியோடு வந்து இறங்குகிறார்கள். அமெரிக்காவுக்குப் போகிறவன் அப்படி வருவதில்லை. இதை வாயைத் திறந்து சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. யுத்தத்தின்போது மன்னாரிலிருந்து முஸ்லிம்களான எங்களை வெளியேற்றியபோது சிறு பிள்ளையாக இந்தக் கரைக்கு வந்தவள் நான். ஓர் ஊரை விட்டால் அது திரும்பக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்களை விரட்டினார்கள். இவன் தானாகப் போனான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போன முதல் கிழமையே மகன் அந்தக் கமராவின் லிங்கை அனுப்பினான். "உம்மா, காலமை ஏழு மணிக்குக் கோட்டடியத் தாண்டித்தான் வேலைக்குப் போறன். உங்களுக்குப் பின்னேரம். பாருங்க" என்றான். நீதிமன்றம் இருக்கும் இடத்தை நாங்கள் கோட்டடி என்போம். அந்த ஊருக்குப் பெரிய பெயர் ஒன்று இருக்கிறது. எனக்கு அது வாயில் வராது. எங்கள் வீட்டில் அது கோட்டடிதான்.

எங்கள் மாவட்டத்துக்குப் புத்தளம் எப்படியோ, அவர்களுடைய மாவட்டத்துக்கு அந்த ஊர் அப்படியாம். காணி உறுதி பதிவதென்றாலும், கலியாணம் பதிவதென்றாலும், வழக்கென்றாலும் சுற்றுவட்டாரத்து ஆட்கள் அங்கேதான் வரவேண்டும். கச்சேரி, அதாவது மாவட்ட அலுவலகம், இருக்கும் ஊர் என்றதும் நான் சனம் நெரியும் என்று நினைத்தேன். ஊரில் மொத்தமாக இருக்கிற சனமே புத்தளம் பஸ் நிலையத்தில் ஒரு பெருநாள் காலம் நிற்கிற அளவுக்கு வராது. நடுவில் சிவப்புச் செங்கல்லில் கோட்டுக் கட்டடம். உச்சியில் கூண்டு, கூண்டில் மணிக்கூடு. சுற்றிவரப் புல். புல்லில் பழைய பீரங்கி ஒன்றும், யுத்தத்தில் செத்தவர்களுடைய பெயர் வெட்டிய கல்லும், உட்கார நாலைந்து வாங்குகளும். நான்கு பக்கமும் நான்கு தெரு. ஒரு பக்கம் வங்கி, முடி வெட்டும் கடை, மருந்துக் கடை. எதிர்ப்பக்கத்தில் பாதிக் கடைகளுக்கு உள்ளே கடதாசி ஒட்டி மூடியிருக்கிறார்கள். பெரிய கடை ஒன்று ஊருக்கு வெளியே பெருந்தெருவில் வந்ததும் சின்னக் கடைகள் படுத்துவிட்டதாக மகன் சொன்னான். பின்னால் தண்ணீர்த் தாங்கி. அதற்கும் பின்னால் சோளக் காடு, வானம் வரைக்கும். எந்தப் பக்கம் போனாலும் கடல் இல்லை. காரில் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் கடல் இல்லையாம். அதைக் கேட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பந்து விளையாட்டுக்கு ஊரே போகும். ஞாயிறு காலையில் கார்கள் எல்லாம் தேவாலயங்களுக்குப் போகும். மற்ற நாட்களில் தெருவில் ஒரு குஞ்சு இருக்காது. நீண்ட சாமான் ரயில் ஒன்று குறுக்கே போகும்போது மட்டும் கார்கள் வரிசையில் நிற்கும். அந்த ஊரில் யாரும் நடப்பதில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் கோழி வெட்டும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள் மட்டும்தான் நடக்கிறார்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் தொழிற்சாலை வேன் வந்து நின்று அவர்களை ஏற்றிப்போகும். எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டை. என் மகனும் அதில் ஒருவன்.

கமராவை வைத்தவர் சதுக்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவராம். ஊரை விட்டுப் போன பிள்ளைகள் பார்ப்பதற்காக வைத்தாராம். அவர்களுடைய பிள்ளைகளும் போகிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

படம் தெளிவாக இருக்காது. ஆள் ஒரு சுண்டுவிரல் நகத்தளவுதான் தெரிவான். முகம் தெரியாது. மச்சி கேட்டாள். "இந்த எறும்புக் கூட்டத்துல மகன் எதுண்டு எப்பிடித் தெரியும் மச்சி?"

"நடையில தெரியும்" என்றேன்.

அது பெருமைக்குச் சொன்னது இல்லை. நாங்கள் கடற்கரையில் மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவர்கள். காலையில் போட்டுகள் வந்து சேரும் இடத்துக்கும் வாடிக்கும் இடையில் நீண்ட மணல். எஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வருவார்கள். வெயில் கண்ணைக் குத்தும். முகமா பார்க்கிறோம்? நடையைத்தான் பார்க்கிறோம். யார் எவ்வளவு பாரத்தோடு வருகிறார், யாருக்கு மீன் பட்டது, யாருக்குப் படவில்லை என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவோம். மணலில் பிறந்து வளர்ந்தவன் தார் ரோட்டிலும் மணலில் நடப்பது மாதிரித்தான் நடப்பான். முன்பாதத்தை அழுத்தி, முழங்காலைத் தளர்த்தி, இடுப்பிலிருந்து அசைந்து நடப்பான். அந்தச் சோளக் காட்டு ஊரில் அப்படி நடப்பதற்கு என் பிள்ளையை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஆக, தினமும் பின்னேரம் கருவாட்டைக் கட்டி மூடிவிட்டு வந்து, போனைத் திறந்து, கோட்டடியில் அவன் நடப்பதைப் பார்ப்பேன். வங்கி மூலையில் வருவான். பீரங்கி வரைக்கும் நடப்பான். வேனில் ஏறுவான். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோல் வரும். அதில் முகம் மட்டும் தெரியும். "சுகம் உம்மா, சாப்பிட்டன் உம்மா" என்று சொல்லும். முகம் பொய் சொல்லும். நடை சொல்லாது. எனக்கு அவனுடைய நடை போதும் என்று இருந்தேன். அடுத்த நாளும் பார்க்காமல் இருக்க முடியாது.

அப்படிப் பார்த்த ஒரு நாள்தான் நொண்டி நடந்தான். வலது காலை முழுதாக ஊன்றவில்லை. அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் இன்னும் மோசம். உடனே கோல் எடுத்தேன். நீண்ட நேரம் அடித்து எடுத்தான். முகம் தலையணையில் இருந்தது.

"காலைக் காட்டு" என்றேன்.

"எந்தக் கால் உம்மா? இப்பதான் வந்து படுத்தன்."

"வலது கால். மறைக்காத. காட்டு."

"உங்களுக்கு என்ன நடந்த?"

"எனக்கு ஒண்டும் நடக்கல்ல. காலைக் காட்டுடா."

போர்வையைத் தள்ளி இரண்டு காலையும் காட்டினான். விரல்களை ஆட்டியும் காட்டினான். ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் குழப்பமாகப் போனது. இன்றைக்குக் கோட்டடியில் நொண்டி நொண்டிப் போனாயே என்று கேட்டேன்.

"உம்மா, நான் அந்தப் பக்கம் நடந்து கன நாள். என்ன நைட் வேலைக்கு மாத்திட்டாங்க. கூட்டாளிட கார்ல போய் வாறன்."

"ஏன் சொல்லல்ல?"

"நீங்க இன்னும் பாக்கிறீங்கண்டு நான் நெனைக்கல்ல உம்மா."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. மறந்துபோனான். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். போனை வைத்துவிட்டேன். வாயில் வந்ததையெல்லாம் சுவருக்குச் சொன்னேன். எந்த நாளில் என் மகன் போய் எவனோ ஒருவன் அந்த இடத்துக்கு வந்தான் என்று எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. நான் பெருமூச்சு விட்டதும், பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று துஆக் கேட்டதும் யாரோ ஒருத்தியின் பிள்ளைக்கு.

அதற்குப் பிறகு நான் கமராவைத் திறக்கவில்லை. பின்னேரங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் ஏற்கனவே கழுவிய கூடைகளைத் திரும்பக் கழுவினேன். மச்சி விடுவாளா?

"என்ன மச்சி, அமெரிக்காவ மூடிட்டாங்களா?"

"ஓம். உன்ட வாயைப் போல பெரிய பூட்டுப் போட்டு மூடிட்டாங்க" என்றேன்.

ஆனால் அந்தக் கால் மனதை விட்டுப் போகவில்லை. என் பிள்ளையின் கால் இல்லை என்று தெரிந்த பிறகும் போகவில்லை. மீன் முள் ஏறிய காலையும், திருக்கை குத்திய காலையும் எத்தனை பார்த்திருக்கிறோம்? ஆண்கள் சொல்லமாட்டார்கள். தொழிலுக்குப் போகவேண்டும் என்று துணியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். எங்கள் வாடிக்குப் பக்கத்தில் ஒருவர் அப்படிப் போய்ப் போய், கடைசியில் முழங்காலோடு எடுத்தார்கள். அவருடைய மனைவி என்னிடம் சொன்னது ஒன்றுதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கேட்கவில்லை என்றாள்.

மனது கேட்காமல் ஒரு நாள் திரும்பத் திறந்தேன். அவன் வங்கி மூலையில் வந்தான். நான்கு எட்டு வைப்பான், நிற்பான். பீரங்கியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றான். வேனில் ஏறும்போது கதவுக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏற்றினான். போனைக் கொண்டுபோய்க் கணவருக்குக் காட்டினேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. வலையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது சுளுக்கு இல்ல புள்ள. புண். சீழ் வச்சிருக்கு" என்றார். பிறகு சொன்னார். "இவன் கடல்காரன்."

உடனே மகனுக்கு எடுத்தேன். அந்தப் பிள்ளையை நாளைக்குக் காலையில் போய்ப் பார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன். அவன் திகைத்துப்போனான்.

"உம்மா, அவன் ஆரெண்டே எனக்குத் தெரியா. இங்க ஆரும் ஆரையும் அப்பிடிப் போய்க் கேக்கிறல்ல. என்னண்டு சொல்ற? எங்கட உம்மா உன்ன சிலோன்ல இருந்து பாத்துக்கொண்டு இரிக்காண்டா? பொலிசைக் கூப்பிடுவான்."

"கூப்பிடட்டும். பொலிசோட சேத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"நைட் முழுக்க நிண்டு வேலை செஞ்சிட்டு வாறன் உம்மா…"

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அவனுடைய உம்மாவுக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று கத்தினேன். உனக்கு அப்படிக் கால் அழுகினால் நான் யாரிடம் போய்ச் சொல்லுவேன், அந்தப் பீரங்கியிடமா என்று கேட்டேன். கணவர் என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"மகன், உம்மா சொல்றா. போ" என்றார். திரும்பத் தந்துவிட்டார்.

அடுத்த நாள் நேரத்தோடு வாடியிலிருந்து வந்துவிட்டோம். கணவரும் நானும் குசினி வாசலில் உட்கார்ந்து, போனை மாவு டின்னில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். மச்சியும் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றாள். சதுக்கத்தில் வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது. மரங்களில் பாதி இலை மஞ்சள். நொண்டுகிற பிள்ளை வங்கி மூலையில் வந்தான். அன்றைக்கு அவன் மிகவும் மெதுவாக வந்தான். நான் என் மகனைத் தேடினேன். காணவில்லை. வரமாட்டான், படுத்திருப்பான் என்று நினைத்தேன்.

மருந்துக் கடைப் பக்கமிருந்து அந்த ஊர்க்காரன் ஒருவன் தெருவைக் கடந்து வந்தான். தடித்த குளிர்ச்சட்டை, காலில் கனத்த சப்பாத்து. இரண்டு கையும் பொக்கெட்டில். முதுகை நிமிர்த்தி, குதிகாலை முதலில் வைத்து, சின்னச் சின்ன எட்டாக விறுவிறென்று வந்தான். நேரே வந்து நொண்டுகிற பிள்ளைக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றான்.

"இவன் ஆரு நந்தி மாதிரி நடுவுல?" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் சொன்னேன்.

கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "புள்ள, அது நம்மட மகன்" என்றார்.

மச்சி முன்னால் வந்து குனிந்து போனைப் பார்த்தாள்.

மகன் கீழே குந்தி அந்தப் பிள்ளையின் சப்பாத்தைத் தொட்டான். அவன் பின்வாங்கினான். மகன் ஏதோ சொன்னான். கையை உயர்த்திக் கமராப் பக்கம் காட்டினான். இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள். பிறகு அந்தப் பிள்ளை வாங்கில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். வேன் வந்தது, நின்றது, அவர்களை விட்டுவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து இருவரையும் ஏற்றிப் போனது. அதன் பிறகு சதுக்கத்தில் ஒன்றும் இல்லை. நாங்கள் அந்த ஒன்றுமில்லாததையே பார்த்துக்கொண்டிருந்தோம். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்பினோம்.

எல்லாம் மகன் பிறகு சொன்னான். உடைந்த கோழி எலும்பு ஒன்று சப்பாத்தின் அடியால் ஏறி, உள்ளே இருந்திருக்கிறது. நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிற வேலை. புதிதாகச் சேர்ந்தவன் என்பதால், சொன்னால் வேலை போய்விடும் என்று அவனாகவே பயந்து துணியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஒரு விரலை எடுத்தார்கள். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் கால் இல்லை என்று டொக்டர் சொன்னாராம். வேலையும் போகவில்லை.

அவன் பெரிய கடலின் நடுவில் இருக்கிற ஏதோ ஒரு சின்னத் தீவுப் பிள்ளை. தகப்பன் போட்டுக்காரர். வீட்டைச் சுற்றி மணல்தானாம். கேட்டதும் நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் பிழையாகப் பார்க்கவில்லை. மணலைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறேன். பிள்ளையைத்தான் மாறிப் பார்த்திருக்கிறேன்.

கால் விஷயத்தைத் தன் தாய்க்குச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டானாம். அதற்கும் நான் மகனைத்தான் ஏசினேன். அவன் தாய்க்குச் சொல்லாவிட்டால் நான் கப்பல் ஏறி அந்தத் தீவுக்குப் போய்ச் சொல்லுவேன் என்றேன். பிறகு சொன்னானாம். அந்தத் தாய் போனிலேயே அழுது ஏசித் தீர்த்தாளாம். எனக்கு அவளை நன்றாகப் பிடித்தது.

ஒரு நாள் மகனிடம் கேட்டேன். "உன்ட நடை எங்க போன?"

"என்ன நடை உம்மா?"

"நீ நடந்து வந்தது எனக்குத் தெரியல்ல."

அவன் சிரித்தான். "இங்க மணல் இல்லையே உம்மா. ஐஸ் விழுந்தா நம்மட நடையில நடந்தா வழுக்கி விழுவம். இப்பிடித்தான் நடக்கோணும். எனக்கே தெரியாம மாறிட்டு."

அவன் சொன்னது சரிதான். விழாமல் நடக்கப் பழகியிருக்கிறான். ஒரு தாய் சந்தோஷப்படவேண்டிய விஷயம். நான் சந்தோஷப்படவில்லை. பொய் சொல்ல எனக்கு வராது.

இப்போதும் கமராவைப் பார்க்கிறேன். தினமும் இல்லை. சனிக்கிழமைகளில் வேலை இல்லாத நேரம் அவர்கள் இரண்டு பேரும் கோட்டடிக்கு வந்து வாங்கில் உட்கார்ந்து கோப்பி குடிக்கிறார்கள். அந்தத் தீவுப் பிள்ளை இன்னும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறான், ஆனால் மணல் நடை அவனை விட்டுப் போகவில்லை. தூரத்தில் வரும்போதே அவனை எனக்குத் தெரிந்துவிடும், பிறகு பக்கத்தில் வருகிறவனைப் பார்ப்பேன். நான் பெற்ற பிள்ளையைக் கண்டுபிடிக்க இப்போது எனக்கு இன்னொருத்தியின் பிள்ளை அவன் பக்கத்தில் நடக்கவேண்டியிருக்கிறது.